சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரியாதே

பாட்டக்கெட்
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் இவாண்ட்ரோவுக்கு அம்மா எழுதுவது. நான், உன் அப்பா, தங்கை ஜூலேக்கா மூவரும் சுகம், என் முழங்கால் வலி மட்டும் பனி கரைகிறவரை என்னோடுதான் குடியிருக்கும். நீ அந்த அலாஸ்காக் கடலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கப்பல் கிளம்பிவிட்டால் உன் போன் எடுக்காது என்பதால்தான் கடிதம், கரைக்கு வந்ததும் முதலில் இதைப் படி. அப்பா போன மாதம் அனுப்பிய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, என் தங்கச்சி இந்தக் காலேஜுக்குத்தான் போறா என்று கப்பலில் யாரிடமும் பீற்றிக்கொள்ளாதே. அவள் அங்கே போகவில்லை.

சிவப்புக் கல்லூரியின் பயிற்சியாளர் ஹால்வர்சன் அக்டோபரில் நம் வீட்டுக்கே வந்து சமையலறையில் உட்கார்ந்து என் சோளக் கச்சுப்பாவை மூன்று தட்டு சாப்பிட்டதைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேனே, என் பானையிலிருந்து மூன்று தட்டு சாப்பிட்டவன் எனக்குச் சொந்தக்காரன், அதோடு பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு கல்லூரியைக் காட்ட எங்களை விமானத்தில் அழைத்துப்போனார்கள். ஓடுகளம் வளைவுகளில் கிண்ணம் மாதிரி மேலேறி நிற்கிறது, பெரிய திரையில் அவள் பெயர், சிவப்பு உடுப்பைப் போடவைத்து அவள் போட்டியில் வீசுகிற, கைப்பிடி வைத்த அந்த இரும்புக் குண்டைக் கையில் கொடுத்துப் படமும் எடுத்தார்கள். உன் அப்பா அந்தத் திரையைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, அதே சூட்டோடு கடைக்குள் போய் குடும்பத்துக்கே ஸ்வெட்டர் வாங்கி, வாசலில் மாட்ட ஒரு கொடியும் வாங்கினார். நானும் சும்மா இருந்தேனா, பூசை முடிந்து கோயில் முழுக்கச் சொல்லியாயிற்று. ஜூலேக்கா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், குண்டு வீசுற இடம் எங்கே என்று. அதற்கு ஹால்வர்சன், "அது ஊருக்கு வெளியே ஒரு ஷெட்ல இருக்கு, அதைப் பத்தி நீ ஏன் கவலைப்படுறே, நீ வந்தாலே எங்க டீம்ல நீதான் முதல் ஆளு" என்றார். எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் தலையை ஆட்டியதோடு சரி.

நீல உடுப்புப் போடுகிற இன்னொரு கல்லூரியும் அவளைக் கூப்பிட்டிருந்தது, அங்கே ஜனவரியில் போனது வாக்குக் கொடுத்துவிட்டோமே என்பதற்காகத்தான், பனியில் மெயின் மாநிலம் வரைக்கும் கார் ஓட்ட வேண்டியிருக்கிறதே என்று உன் அப்பா வழியெல்லாம் முணுமுணுத்தார். படிப்புச் செலவை அவர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் கட்டடத்தைப் பார்த்தால் உனக்கே பாவமாக இருக்கும், கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு வாளி வைத்திருக்கிறார்கள். ஆனால் குண்டு வீசும் வலைக்கூண்டு அங்கே நட்டநடுவில் இருக்கிறது, அதைச் சுற்றித்தான் மற்றவர்கள் ஓடுகிறார்கள். உள்ளே நாலு பெண்கள், அதில் டெஸ் என்று ஒருத்தி, அவள் கை என் தொடை பருமன். "எங்கே, ஒண்ணு வீசு பாப்போம்" என்று குண்டை இவளிடம் கொடுத்தாள். இவள் சுழன்று வீசினாள், நான் வழக்கம்போலக் கைதட்டினேன், டெஸ் சிரித்துவிட்டாள். "நல்லாத்தான் சுத்துறே, ஆனா உன் இடது கால் தூங்குது, குண்டு போய்ச் சேர்ந்தப்புறம்தான் அது எழுந்திரிக்குது" என்றாள். அப்பா முகம் கறுத்துவிட்டது, ஸ்டேட்லயே முதல்ல வர்ற பிள்ளைகிட்ட என்ன பேச்சு இது என்று என் காதைக் கடித்தார். உன் தங்கையோ, இன்னொரு தடவை வீசட்டுமா என்று கேட்டாள், அப்புறம் இன்னொரு தடவை, இருட்டுகிறவரை அதே கதைதான். குண்டு விழும்போதெல்லாம் அந்த அதிர்ச்சி தரை வழியாக வந்து என் முழங்காலில் ஏறியது. பயிற்சியாளர் அம்மா ஒரு சின்ன உருவம், அவரும் ஒளிக்காமல், முதல் குளிர்காலம் போட்டிக்குக் கூட்டிட்டுப் போவேன்னு வாக்குத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். திரும்பும்போது காரில், "மம்மா, அங்க இருக்கிற நாலு பேருமே என்னைவிடத் தூரமா வீசுறாங்க" என்றாள். பாவம், மனசு ஒடிந்துவிட்டாள் என்று ரொட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

வியாழக்கிழமை ஹால்வர்சனுக்கு போன் போடப் போகிறேன் என்றாள். இந்தக் காலத்துல யார் போன்ல சொல்றாங்க, ஒரு மெசேஜ் தட்டிவிடு என்று அப்பா நழுவப் பார்த்தார். "நம்ம வீட்ல உட்கார்ந்து சாப்பிட்டவர் பப்பா, வாயாலதான் சொல்லணும்" என்றவள், அவர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நன்றி சொன்னாள், வரவில்லை என்றாள், எங்கே போகிறேன் என்பதையும் மறைக்கவில்லை. அதற்கு அவர், "அங்கே போனா முதல் வருஷம் போட்டிக்குப் போற பஸ்ல ஏறக்கூட உனக்கு இடம் கிடைக்காதும்மா" என்றார். இவள், "தெரியும் கோச், அவங்களும் அதையேதான் சொன்னாங்க" என்றாள். அதற்கு மேல் வாதாடாமல் அந்த மனிதர், உங்க அம்மா சமையலை மறக்க மாட்டேன்னு சொல்லு என்று சொல்லி வைத்துவிட்டார். மகனே, நான் பெற்ற பிள்ளை, அவள் உடம்பில் இருக்கும் தழும்பெல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனால் அன்றைக்கு என் சமையலறையில் நின்ற பெண் யார் என்று எனக்கே தெரியவில்லை. நீதான் முதல் ஆள் என்று கூப்பிடுகிற இடத்தை விட்டுவிட்டுக் கடைசி ஆளாகப் போய் நிற்க ஆசைப்படுகிறாள், யார் சொல்லிக்கொடுத்தது இதை? நானும் இல்லை, உன் அப்பாவும் இல்லை, வீட்டில் கை நனைத்தவரிடம் மாட்டேன் என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் இந்த ஜென்மத்தில் வாய் வராது. அவள் போனைக் கீழே வைத்தாள். நேரே என்னிடம் வந்து, ஆசீர்வாதம் மம்மா என்றாள். சின்ன வயதில் தினமும் கேட்பாள், வளர்ந்த பிறகு விட்டிருந்தாளே, தூக்கத்தில்கூட நான் சொல்லும் அந்தப் பதில் அன்றைக்கு எனக்கு வாயில் வரவில்லை. கையை மட்டும் தலையில் வைத்தேன், அதற்கே எம்பித்தான் வைக்க வேண்டியிருந்தது.

கொடியை யாரும் சொல்லாமலேயே அப்பா கழற்றி மடித்து வைத்துவிட்டார். இப்போது வாணலியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் ஒரு சுற்று சுற்றி, என் இடது காலும் தூங்குது பார் இடலினா என்கிறார், எதை உடைக்கப் போகிறாரோ. சனிக்கிழமை மாநிலப் போட்டி, குண்டு வீசுவதுதான் முதலில், எப்போதும்போல ஆட்கள் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும், நாங்கள் இரண்டு பேரும் வலையோரம் நிற்போம். நீ அவளுக்கு எழுதினால் ஆகா ஓகோ என்று எழுதாதே, இடது கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், அதுதான் இப்போது அவளுக்கு இனிக்கிறது. சிவப்பு ஸ்வெட்டரைத் தூக்கி எறிந்துவிடாதே, நல்ல கம்பளி, சீருடைக்கு உள்ளே போட்டுக்கொள், கடலுக்கு நிறம் தெரியாது. நீயும் என்னைவிட உயரம்தான், அதனால் இதைப் படிக்கும்போது தலையைக் கொஞ்சம் குனிந்துகொள். அன்றைக்கு அவளிடம் வாயால் சொல்ல முடியாமல் போனதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்: கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்.

உன் அம்மா,
இடலினா