பச்சையாகவே நின்ற திரை

செவ்வாய், 4 (கூலிம், மலேசியா)
காலையிலிருந்து மழை. கூலிம் ஃபேக்டரி பஸ் அரை மணி லேட்.
உள்ளே நுழைந்ததும் கேட்டது: ஆசிட் அறையில் கசிவு. வாஷிங் பிரிவு முனியாண்டி அண்ணன் ஆசிட் ஆவியைச் சுவாசித்துவிட்டார். ஐசியூ.
அறைக்கு வெளியே ஒரு திரை. பச்சை என்றால் மாஸ்க் இல்லாமலே போகலாம். பச்சை பார்த்துத்தான் போனார்.
அந்தப் பச்சையைப் போடுவது நான் எழுதிய ப்ளகின், ஒரு குட்டி மென்பொருள்.

புதன், 5
ப்ளகின் பதிந்துவைத்த லாக் முழுக்கப் படித்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை ப்ளகின் ஒரு கமாண்ட் ஓட்டி, அறையில் ஆவி இருக்கிறதா என்று சென்சாரைக் கேட்கும். பதில் வந்தால்தான் திரை மாறும். நேற்று காலை 6.42-க்கு ஓடிய கமாண்ட் அப்படியே தொங்கிவிட்டது. ப்ளகின் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஐம்பத்தோரு நிமிடம். திரையில் பழைய பச்சை.
இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்காதே என்று டைம்அவுட் வைக்கவில்லை நான். கோடில் 'அப்புறம் சேர்க்கணும்' என்று குறிப்பு மட்டும். என் பெயரோடு.


வியாழன், 6
திருத்தியது:
- பத்து விநாடியில் பதில் இல்லையா, கமாண்டை நிறுத்து.
- அது கிளப்பிவிட்ட மற்ற ப்ராசஸையும் நிறுத்து. (முதலில் இதை விட்டுவிட்டேன். அது சென்சார் லைனைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கமாண்டும் தொங்கியது.)
- பதில் தெரியாவிட்டால் சிவப்பு.
சென்சார் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். பதினோராவது விநாடி, சிவப்பு.
ஒரு மதிய வேலை. அவ்வளவுதான்.
மேனேஜர் கூப்பிட்டார். "மாஸ்க் போடாம போனாருன்னு ரிப்போர்ட் எழுதியாச்சு. நீ ப்ளகின் பேச்ச எடுக்காத லா."
"பச்சைன்னா மாஸ்க் வேணாம்னு நம்ம ரூல்தானே சார்?"
"திவ்யா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வெள்ளி, 7
வெயில். ஆஸ்பத்திரி. அண்ணன் மனைவி ஜெயா அக்கா, சிடாம் கிரி ஊரிலிருந்து வந்து மூன்று நாளாக அதே நாற்காலி. குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தேன்.
"இவரு ரொம்ப கவனம்மா. பச்சை பாக்காம கால வைக்க மாட்டாரு. இப்ப இவரு மேலயே தப்புங்கறாங்க."
"அக்கா, அந்தப் பச்சைதான் தப்பு. அத எழுதினது நான்."
"நீயா?"
எழுந்து எதிர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். மைலோ என் பக்கத்திலேயே.

திங்கள், 10
காலை எட்டரைக்கு அண்ணன் இறந்துவிட்டார். ஃபேக்டரி வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன்.
பத்து மணிக்கு அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி வந்தார், மலாய்க்காரர். மேனேஜர் பக்கத்திலேயே. லாக் பிரிண்டை மேசையில் வைத்தேன். இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். மேனேஜர் தலை குனிந்துகொண்டார். இரண்டு மணி நேரம் வாக்குமூலம். மேனேஜர் ரிப்போர்ட்டில் மாஸ்க் பற்றிய வரியை அதிகாரி கோடிட்டு அடித்தார். நாளையிலிருந்து எனக்கு வேலை இல்லை என்றார் மேனேஜர்.
அக்காவுக்கு மெசேஜ்: அண்ணன் மேல தப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்கு அண்ணன் சடங்குக்கு வரலாமா?
படித்துவிட்டார். பதில்:
"எழுதுனது நல்லதும்மா. நீ வராத."