மூன்றாம் மாடி நூலகம்

மார்ச் 9

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நானும் மகளும் நலம். நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டும்.

போனில் பேசினால் "அப்புறம்?", "அப்புறம் ஒண்ணுமில்ல" என்று மாற்றி மாற்றிச் சொல்லி வைத்துவிடுகிறோம். உங்கள் தங்கை இருந்தவரை நம் இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிட்டாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையை எப்படித் தள்ளுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். போன மாதம் வரை சுவரைப் பார்த்துத்தான் தள்ளினேன். இப்போது ஒரு சங்கதி நடந்திருக்கிறது. பொது நூலகத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கம்பெனியிலிருந்து அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் மூன்றாம் மாடியில் கதவு பாதி திறந்தபடி நிற்கிறது. மாற்ற வேண்டிய பாகம் கிடங்கிலிருந்து வர வேண்டும். சும்மா நின்றவன், கைக்கு எட்டிய அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். ஆக்டோபஸ் பற்றியது. அதற்கு மூன்று இதயமாம் மச்சான்!

பாகம் வந்தது, மாட்டினேன், லிஃப்ட் ஓடத் தொடங்கியது. நான் மட்டும் அலமாரியை விட்டு அசையவில்லை. அங்கிருந்த நூலகர் அம்மா வந்து, "லிஃப்ட் சரியாயிடுச்சுங்க. இப்ப நீங்கதான் நின்னுட்டீங்க" என்றார்.

அன்றைக்கே உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டேன். உங்கள் மருமகள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "அப்பா, இது நிஜமாவே உங்களோடதா?"

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததும் எங்கள் வீட்டில் ஏதோ விருந்தாளி வந்தது போல ஆகிவிட்டது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று உங்கள் அக்காவிடம் சொன்னேன். "உங்களுக்கு இருக்கிற ஒண்ணே ஒழுங்கா வேலை செய்யல. மாத்திரை போட்டீங்களா?" என்கிறாள். இப்படிப்பட்டவளிடம் என்ன பேச?

நீங்கள் ஆட்களை ஏற்றி இறக்குகிறீர்கள், நான் துறைமுகத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறேன். வித்தியாசம் என்னவென்றால், என் பெட்டிகள் என்னோடு பேசுவதில்லை. கப்பல் வரும்வரை கிரேன் உச்சியில், கூண்டுக்குள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் ஏதாவது படிக்கச் சொல்லுங்கள். கனமானது மட்டும் வேண்டாம். கனம் தூக்குவதற்குச் சம்பளம் தருகிறார்கள், சும்மா ஏன் தூக்க வேண்டும்?

உங்கள் எழுத்தில் பழைய சிரிப்புச் சத்தம் கொஞ்சம் கேட்டது மாப்பிள்ளை. அதற்காகவே அடிக்கடி எழுதுங்கள்.

அன்புடன்,
மச்சான்


மே 18

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்களுக்கு ஒரு துப்பறியும் கதை அனுப்பியிருக்கிறேன். கொலைகாரன் யார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் அந்த மனுஷன்தான் ஊரிலேயே உத்தமன்.

நான் இப்போது ஒரு துறையில் நிற்பதில்லை. உப்பின் வரலாறு படித்தேன். பாலங்கள் ஏன் விழாமல் நிற்கின்றன என்று படித்தேன். பேய்க்கதை படித்த மறுநாள், லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டேன். கூட வந்தவன் இன்னும் சிரிக்கிறான். கவிதைதான் பிடிபடவில்லை. பக்கத்துக்கு நாலு வரி, மீதியெல்லாம் வெள்ளைத் தாள். காகிதம் வீண் என்றேன். நூலகர், "அந்த வெத்து இடத்தையும் படிக்கணும்ங்க. அவசரமா பக்கத்தைப் புரட்டாதீங்க" என்றார். அவர் சொன்னபடி மெதுவாகப் படித்தேன். ஒன்று புரிந்தது. புரிந்த அன்று சாப்பிட முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவ அலமாரிக்கும் போனேன். உங்கள் தங்கைக்கு வந்த நோயின் பெயர் அட்டையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு நின்றேன். நூலகர் பார்த்துவிட்டார். "இதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. இங்கயே உட்கார்ந்து படிங்க. நான் அந்த மேசையிலதான் இருப்பேன்" என்றார். படித்தேன். வெளியில் தெரிகிற நேரத்தில் அது ஏற்கெனவே முற்றிப்போயிருக்கும் என்று எழுதியிருக்கிறது மச்சான். எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு முன்னால் ஓடியிருந்தாலும் இவ்வளவுதான். நாம் எல்லோரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது, இல்லையா? மூடி வைத்தேன். நூலகர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மகள் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். மாமாவிடம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 11

அன்பு மாப்பிள்ளைக்கு,

மருத்துவப் புத்தகம் பற்றி நீங்கள் எழுதிய பத்தியைக் கூண்டில் உட்கார்ந்து படித்தேன். நல்லவேளை, அந்த உயரத்துக்கு யாரும் ஏறி வருவதில்லை. வேறென்ன எழுத? நீங்கள் படித்து எனக்குச் சொன்னதற்கு நன்றி. நானாக அதைத் திறந்திருக்க மாட்டேன்.

துப்பறியும் கதை அருமை. உங்கள் அக்கா என்னிடமிருந்து பிடுங்கிப் படித்துவிட்டு, கொலைகாரன் பெயரை என் சாப்பாட்டு டப்பாவில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்து அனுப்பிவிட்டாள். பேச்சுவார்த்தை நின்று இன்றுதான் சமாதானம்.

அவள் உங்கள் கடிதத்தையும் படித்தாள். "இதுல புத்தகத்தைவிட நூலகர் அம்மாதானே அதிகமா வர்றாங்க?" என்றாள். அவளுக்கு எல்லாம் வேடிக்கைதான். அடுத்து வானத்தைப் பற்றி ஏதாவது அனுப்புங்கள். நான்தான் அதற்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

அன்புடன்,
மச்சான்


ஜூலை 20

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

கிரகங்கள் பற்றிய புத்தகம் தனியே வருகிறது.

அக்கா வேடிக்கையாகக் கேட்டதற்கு நான் நேராகவே பதில் எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

நூலகர் அம்மா என்னைவிட இரண்டு வயது இளையவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் வயது ஓடிவிட்டது. இப்போது தனியாக இருக்கிறார். அவரோடு பேசுவதற்காகத்தான் வேகமாகப் படித்து முடிக்கிறேன் என்று எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. ஒரு பயண நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இங்கெல்லாம் நாம ரெண்டு பேருமா ஒருநாள் போனா என்ன?" என்று வாயில் வந்துவிட்டது. அவர் முத்திரையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "நீங்க வாயைத் திறந்தா மச்சான் மச்சான்னுதான் சொல்றீங்க. முதல்ல அவர்கிட்ட கேளுங்க" என்றார்.

மகளிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அழுதிருப்பாள். அப்புறம், "அவங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கப்பா. ஆனா அம்மா படம் இருக்கிற இடத்துலயேதான் இருக்கும்" என்றாள். அது அங்கேதான் இருக்கும் என்று சொன்னேன்.

நான் யாரையும் மறக்கவில்லை மச்சான். நீங்கள் வேண்டாம் என்றால் இது இத்தோடு நின்றுவிடும். கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்களை இழந்து எனக்கு எதுவும் வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 5

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

பதில் வரவில்லை. போனிலும் நீங்கள் அக்காவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். புரிந்துகொண்டேன்.

நூலகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கையில் இருந்த புத்தகத்தை மகள் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மா, "அப்பா நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் போல எழுதுங்கள். அது போதும்.

உங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 19

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்களைக் காக்க வைத்துவிட்டேன். நான் எழுதாமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதை நீங்கள் படிக்காமல் போனதே நல்லது. என் தங்கையின் சமையலறையில் இன்னொருத்தி நிற்பதை நினைக்கவே முடியவில்லை.

போன கடிதத்தை உங்கள் அக்கா எனக்கு வாசித்துக் காட்டினாள். முடித்துவிட்டு, "அவர் சிரிப்பைப் பார்த்துத்தானே உங்க தங்கச்சி கட்டிக்கிட்டா? அது திரும்ப வந்துச்சு. இப்ப நீங்களே அதை நிறுத்திட்டீங்க" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். கடற்கரை ஓரமாக வெகுதூரம் நடந்தேன்.

நடக்கும்போதுதான் தெரிந்தது, எனக்கு வேறொரு பயமும் இருந்திருக்கிறது. தங்கையின் இடத்துக்கு ஒருத்தர் வந்துவிட்டால், அவள் அண்ணனுக்கு அந்த வீட்டில் என்ன வேலை? இனிமேல் எனக்கு யார் ஆக்டோபஸைப் பற்றி எழுதுவார்கள்? ஐம்பது வயதில் இப்படியும் ஒரு சின்னப்பிள்ளைத்தனம்.

அதனால் சம்மதம் சொல்வதற்கு எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த அம்மாவுக்கு அண்ணன் தம்பி இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால், மூத்தவனாக என்னையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் நான் ஒருவன் போதும். உங்களுக்கு மச்சான் என்ற பதவியை வேறு எவனுக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

பெண்ணின் அண்ணனாக, அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு, உங்கள் அக்காவோடு நேரே நூலகத்துக்கு வருகிறேன். விசாரிக்காமல் தங்கைமாரை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. போன தடவை மாப்பிள்ளையை விசாரித்தேன், ஆள் தேறினார். இந்தத் தடவையும் அவரைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் நூலகத்துக்குப் போங்கள்.

அன்புடன்,
இரண்டு வழியிலும் உங்கள் மச்சான்