உமிழ்நீர் வற்றிய பிறகு

அண்ணி,

குளியலறை அலமாரியைச் சுத்தம் செய்யப் போன அண்ணன், உங்கள் பல் அச்சுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக். உங்கள் முன்பல் சற்றே திரும்பியிருப்பதுகூட அதில் அப்படியே பதிந்திருக்கிறது. இதை என்ன செய்வது என்று கேட்டார். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

உங்களுக்கு மூக்குக்குப் பின்னால் கேன்சர் என்று தெரிந்த வருடம், அண்ணன் விடியுமுன் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். எனக்குச் செனாய் தொழிற்சாலையில் மத்தியான ஷிப்டு. அதனால் நம் ஊரான கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு உங்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது என் வேலையானது. கதிர்வீச்சு கட்டியைக் கரைத்தது. கூடவே உமிழ்நீரையும் வற்ற வைத்தது. "வாய்க்குள்ள பஞ்சு வச்ச மாதிரி இருக்கு தம்பி" என்பீர்கள். மடியில் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் நீங்கள் காரில் ஏறியதே இல்லை.

உமிழ்நீர் இல்லாத வாயில் பற்கள் சீக்கிரம் சொத்தையாகும் என்று பல் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம், ஆகவே ஒரு பல்லையும் கெடவிடக் கூடாது என்றார். அதற்குத்தான் அந்த அச்சுகள். தினமும் அவற்றில் புளோரைடு ஜெல்லைத் தடவிப் பற்களில் மாட்டி, பத்து நிமிடம் கழித்துத் துப்ப வேண்டும். பிறகு அரை மணி நேரம் தண்ணீர் கூடாது. காய்ந்து கிடந்த வாய்க்கு அந்த அரை மணி நேரம்தான் பெரிய தண்டனை.

சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை நாற்காலியில் அச்சை மாட்டிக்கொண்டு உட்காருவீர்கள். ஓயாமல் பேசுகிற நீங்கள் அப்போது கையால் பேசுவீர்கள். அண்ணன் அடுப்பைத் துடைக்காமல் நழுவினால் கரண்டியை நீட்டி அடுப்பைக் காட்டுவீர்கள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்.

லாபிஸிலிருந்து சித்தி வந்து போன பிறகு அந்த நாற்காலி காலியாக இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. புளோரைடு விஷம், எலி மருந்தில் போடுகிற சாமான் என்று தன் கைப்பேசிக்கு வந்ததை அவர் உங்களுக்குக் காட்டியிருக்கிறார். ஏற்கனவே ஒரு நோயைப் பார்த்துப் பயந்திருந்த நீங்கள், யாரிடமும் சொல்லாமல் ஜெல்லை நிறுத்திவிட்டீர்கள்.

அடுத்த பரிசோதனையில் பல் டாக்டர் உங்கள் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடுபோல வெள்ளை படர்ந்திருந்தது. ஜெல் போடுகிறீர்களா என்று மலாயில் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், தரையைப் பார்த்தீர்கள், பிறகு நடந்ததைச் சொன்னீர்கள்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். சாப்பிடும்போதெல்லாம் பல்லிலிருந்து கொஞ்சம் சத்து கரைகிறது, உமிழ்நீர் அதைத் திருப்பிக் கொடுக்கிறது, உங்களுக்கு உமிழ்நீர் குறைந்துவிட்டதால் இருக்கிற கொஞ்சத்தை வைத்துப் பல் மறுபடி இறுகுவதற்குப் புளோரைடு துணைசெய்கிறது என்றார். அளவுக்கு மீறி விழுங்கினால் கெடுதல்தான், அதனால்தான் துப்பச் சொல்கிறோம், நம் குழாய்த் தண்ணீரில்கூட அளவாகக் கலக்கிறார்கள் என்றார். வெள்ளை இன்னும் குழியாகவில்லை, மீட்டுவிடலாம் என்று அவர் சொன்னபோது உங்கள் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

நெடுஞ்சாலையில் பாதி தூரம் வந்தபோது சொன்னீர்கள்: "உப்பு கூடிப்போனா குழம்பு கெட்டுப்போகுது. அதுக்காக உப்பே இல்லாமலா ஆக்குறோம் தம்பி?"

வீட்டுக்கு வந்ததும் சித்திக்குப் போன் போட்டீர்கள். குரலை உயர்த்தவில்லை. "நான் முழுங்கல சித்தி, துப்பிடுறேன். நாளைக்கு என் தாடை எலும்பு ஆறாம கெடந்தா, நீங்கதான லாபிஸிலேருந்து வந்து கஞ்சி ஊட்டணும்?" சித்தி என்ன சொன்னாரோ, நீங்கள் சிரித்தீர்கள்.

ஜெல்லை மறுபடி தொடங்கியதும் வெள்ளைக் கோடுகள் மெல்ல மெல்ல இறுகிப் பளபளத்தன. ஒரு பல்லை மட்டும் அடைக்க வேண்டியிருந்தது. எதையும் பிடுங்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு நீங்கள் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, முறுக்கைக் கடித்தீர்கள். அந்தச் சத்தம் கேட்டுச் சித்தி திரும்பினார். முறுக்கு டின்னை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு நோய் நுரையீரலுக்குப் போனது. வார்டில் அண்ணன்தான் சாயங்காலத்தில் ஜெல்லைத் தடவிக் கொடுப்பார், நீங்கள் துப்பும்வரை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இனி வீட்டுக்குத் திரும்புவது இல்லை என்று நம் மூவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"இன்னும் இது எதுக்கு அண்ணி? கஷ்டப்படுறீங்களே."

துடைத்த வாயோடு என்னைப் பார்த்தீர்கள். "எப்ப போறேன்னு தெரியாது தம்பி. அதுவரைக்கும் சோத்த நாமதான மெல்லணும்."

நீங்கள் போன பிறகு அண்ணன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டார். பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கிறார். சமைத்து வைத்ததைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் நாட்கள் உண்டு. ஷிப்டுக்குப் போகும் வழியில் நான் எட்டிப் பார்ப்பேன். நேற்றும் தட்டு மூடியபடியே இருந்தது. எதிரே உட்கார்ந்து, நீங்கள் வார்டில் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் அதைக் கேட்டதே இல்லையாம். பிறகு தட்டின் மூடியை எடுத்தார்.