ஐஸ் தொட்டியில் ஊற்றியது

ஏப்ரல் 9

மறுபடியும் தொட்டி ஒழுகுகிறது. குச்சி ஐஸ் அச்சுகளைச் சுற்றி நிற்கிற தண்ணீர் உறைந்துவிடக் கூடாது என்றுதான் அதில் உப்பைக் கொட்டுகிறோம். அந்த உப்பே தொட்டியைத் தின்றுவிட்டது. வேலூர் மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "உப்பை விட்டுடுங்கக்கா, கூலன்ட் ஊத்துங்க. ஆனா லாரிக்கு ஊத்தறது வேற, சாப்பாட்டு மிஷினுக்கு ஊத்தறது வேற. லாரியோடது விஷம். பாத்து வாங்குங்க" என்றார்.

இவரிடம் சொன்னேன். "சரி சரி" என்றார். மாணிக்கவேல் இரண்டு முறை சரி என்றால் ஒன்றும் காதில் ஏறவில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

ஏப்ரல் 12

என் கொழுந்தன் முத்துவேல் கண்ணமங்கலத்தில் லாரி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். மத்தியானம் டெம்போவில் பச்சைத் தண்ணீர் கேன்களோடு வந்து இறங்கினான். கேன் மேலேயே மண்டை ஓட்டுப் படம்.

"இன்னாடா இது? ரேடியேட்டர்ல ஊத்தறதா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி. கலர்தான் வேற."

இவர் அதற்குள் மூடியைத் திருகிவிட்டார். "அச்சுக்கு வெளியில நிக்கிற தண்ணிடி இது. உள்ள இருக்கிற ஐஸ்ல எங்க போய் கலக்கப் போவுது? நீ சொல்றது மெட்ராஸ்லேர்ந்து வரணுமாம். முள்ளிப்பட்டு தீமிதிக்குள்ள வருமா? சொம்மா பேஜார் பண்ணாத."

கேனைப் பிடித்து இழுத்தேன். தள்ளிவிட்டார். தொட்டி விளிம்பில் பட்டு முழங்கை கிழிந்தது. கையில் கிடைத்த ஐஸ் அச்சை எடுத்து அவர் மேல் வீசினேன், காதோரம் பட்டு ரத்தம். முத்துவேல் இருவரையும் தாண்டிப் போய் மீதிக் கேன்களையும் ஊற்றினான்.

ஏப்ரல் 13

பேசவில்லை. சோறும் போடவில்லை. ஓட்டலில் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 20

ஐஸ் எடுத்துப் போய் விற்கிற சின்னதுரை, தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்ததால் சைக்கிள் போக வழியில்லாமல் காத்திருந்தான். அப்போது சொன்னான். "சக்கரை ஜாஸ்தி போட்றியா அக்கா? முள்ளிப்பட்டுல பசங்க நம்ம ஐஸ்தான் வோணும்னு நிக்குதுங்க. என் பொண்ணு ஒரே நாள்ல மூணு துன்னுட்டா."

இவருக்கு வாயெல்லாம் பல். நான் சர்க்கரையைக் கூட்டவே இல்லையே. போன வாரத்திலிருந்து ஒரு கை குறைத்துத்தான் போடுகிறேன். பின்னே எங்கிருந்து வந்தது தித்திப்பு?

ஏப்ரல் 21

எல்லா அச்சிலும் வெறும் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தேன். சர்க்கரை இல்லை, கலர் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து நுனி நாக்கில் வைத்தேன். சப்பென்றுதான் இருந்தது. கடைசி வரிசை தித்தித்தது.

துப்பித் துப்பி வாய் வறண்டுவிட்டது. உப்புத் தண்ணீர் இருந்தவரை அச்சில் ஓட்டை விழுந்தால் முதல் பிள்ளையே "தூ, கரிக்குது" என்று தூக்கிப் போட்டுவிடும். அன்றைக்கே அச்சை மாற்றிவிடுவோம். இந்தச் சனியன் காட்டிக்கொடுக்கவில்லை, இனிக்கிறது. பிள்ளைகள் இன்னொன்று கேட்கின்றன. பாவி, பாவி, பாவி.

சொன்னேன். "ஒரு வரிசைதான, அத மட்டும் எடுத்துடு" என்கிறார். வேறு எந்த அச்சு நாளைக்கு ஓட்டை விழும் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்குத் தீமிதி. பெட்டி பெட்டியாக ஐஸ் போகிறது.

ஏப்ரல் 22

போகவில்லை. நான் போக விடவில்லை.

காலையில் சின்னதுரையும் மற்ற சைக்கிள்காரர்களும் வந்து நிற்கும்போதே கடப்பாரையை எடுத்தேன். பெட்டிகளை உடைத்தேன். ஐஸ் தெருவெல்லாம் சிதறியது. இவர் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து வாயிலேயே அறைந்தார். உதடு கிழிந்தது. கடப்பாரையால் அவர் தோளில் போட்டேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. நிறுத்தத் தோன்றவில்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. சின்னதுரைதான் நடுவில் விழுந்து பிடித்தான்.

"விஷமா? இது விஷமா? எல்லாரும் பாத்துக்கோங்கடா" என்று இவர் தொட்டியில் சொம்பை விட்டு மொண்டு மடக் மடக்கென்று குடித்தார். சொம்பைத் தட்டிவிடுவதற்குள் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. "பாரு, நிக்கிறேன். செத்துட்டனா?"

தொட்டியைக் குத்திக் கிழித்தேன். பச்சையாக ஓடியதை மண் போட்டு மூடினோம்.

ஒரு மணி நேரத்தில் இவருக்கு நாக்கு குழறியது. தள்ளாடினார், சிரித்தார், வாந்தி எடுத்தார். முத்துவேல் வந்து பார்த்துவிட்டு, "சரக்கு போட்டுக்கினு இருக்காரு அண்ணி, தூங்கினா தெளிஞ்சிடும்" என்றான். காலிக் கேனாலேயே அவன் முகத்தில் அடித்தேன். "வண்டிய எடுடா. இல்லன்னா உன்னையும் இங்கியே பொதைச்சிடுவேன்." எடுத்தான்.

ஏப்ரல் 23, வேலூர் ஆஸ்பத்திரி

கேனை டாக்டர் அம்மா மேஜை மேலேயே வைத்தேன். எது என்று தெரிந்ததால்தான் உடனே மருந்து ஏற்ற முடிந்தது என்றார். ஆனாலும் கிட்னி நின்றுவிட்டது. கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள். ஒரு சொட்டு மூத்திரம் இல்லை.

சாகட்டும். இல்லை — சாகக் கூடாது. அடிக்க எனக்கு ஆள் வேண்டாமா?

ஏப்ரல் 26

சின்னதுரையின் மகளையும், எங்கள் ஐஸ் தின்ற மற்ற பிள்ளைகளையும் கூட்டிப்போய் ரத்தம் சோதித்தார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. சின்னதுரைதான் இந்தச் சேதியை போனில் சொல்லிவிட்டு, "ஆனா ஊர்க்காரங்க உங்க ஐஸ் ஷெட்டை அடிச்சி நொறுக்கிட்டாங்கக்கா, நானும்தான் கல்லு உட்டேன்" என்றான். நல்லா உட்ட போ என்றேன்.

மே 7

தண்ணீர் கேட்டு அழுகிறார். உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், அளந்துதான் தர வேண்டும் என்று உத்தரவு. முகம் பானை மாதிரி வீங்கிக் கிடக்கிறது. "ஒரு வாய் குட்றி" என்று கையைப் பிடித்தார். உதறினேன். அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் தலையெழுத்தா? அன்றைக்கு அந்தச் சொம்பை மட்டும் ஏன் பிடுங்க முடியவில்லை?

மே 8

கண் விழித்ததும் "தோள் வலிக்குதுடி" என்றார். "வலிக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

மே 19

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் ரத்தம் சுத்தம் பண்ண வாரம் மூன்று தடவை ஆரணிக்கும் வேலூருக்கும் பஸ். முத்துவேல் வண்டி எடுத்து வருகிறேன் என்றான். அவன் வண்டியில் ஏற மாட்டேன்.

ஜூன் 14

கிட்னி திரும்ப வேலை செய்கிறது என்று ஆஸ்பத்திரியில் போன வாரமே கழுத்துக் குழாயை எடுத்தார்கள். இன்று ரத்தம் பார்த்துவிட்டு, இனி மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் அம்மா சொன்னார். தண்ணீரும் குடிக்கலாமாம். பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு பாட்டில் முழுவதும் குடித்துவிட்டு ஏறினார்.

கண்ணமங்கலத்தில் பஸ் நின்றதும், "அடக்க முடியலடி" என்று இறங்கி ஓடினார். ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு அங்கியே குடித்தனம் போட்டாரா? ஜல்தி வரச் சொல்லு" என்றார். பஸ்ஸே சிரித்தது.

வண்டியை எடுக்கப் பார்த்தார். குதித்து இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். "ஏத்திட்டுப் போயேன் பாக்கலாம். அவரு நின்னு நிதானமா போய் முடிச்சிட்டுதான் வருவாரு" என்று கத்தினேன். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூட அழாதவள், நடுரோட்டில் அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார்.