நான் ஒளித்து வைத்த மவுத் ஓர்கன்

அக்கா,

இன்று காலை ஓட்டோவைக் கழுவிவிட்டு, முன்பக்கத்துச் சின்னப் பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். கராம்பு வாசம் வந்தது. கடைசியில் நானே, நீங்கள் கை துடைக்கும் லேஞ்சியில் சுற்றி வைத்த மவுத் ஓர்கன் அப்படியே கிடந்தது. இருமலுக்கு எந்நேரமும் ஒரு கராம்பை வாயில் அடக்கி வைத்திருப்பீர்கள். அதைத் துப்பாமலே வாசிக்கவும் தொடங்கிவிடுவீர்கள். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. வாசம் மட்டும் போகவில்லை. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி, பின் இருக்கையில் நீங்கள் இருக்கும் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

துறைமுக அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் இருபத்தாறு வருடமாக முதலில் கேட்டது உங்கள் குரலைத்தான். மூன்று மொழியிலும் ஒரே பதற்றமில்லாத குரல். சந்தையில் மீன் வாங்கும்போதுகூட, "நீங்கள்தானே அந்த ஒப்பரேட்டர்?" என்று ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். பிறகு அந்தக் குரல் உடையத் தொடங்கியது. வசனத்தின் நடுவில் நிற்பீர்கள். மூச்செடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்வீர்கள். நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வருகிறது, அதை இளக்க மருந்தில்லை, வேகத்தைக் குறைக்கத்தான் ஏலும் என்றா கிளினிக்கில் டொக்டர். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தீர்கள். நீங்கள் கலியாணம் கட்டவில்லை, நானும் கட்டவில்லை. இருந்தது நாங்கள் இரண்டு பேரும், யன்னலுக்கு வெளியே உட்துறைமுகமும்தான்.

மூச்சுப் பயிற்சிக்கென்று கிளினிக்கில் ஒரு பிளாஸ்ரிக் கருவி தந்தார்கள். உறிஞ்சினால் மூன்று பந்துகள் மேலே எழும்ப வேண்டும். நாலு நாள் செய்துவிட்டு அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டீர்கள். "பந்தை எழுப்பி நான் என்னத்தைக் காண?" என்றீர்கள். அந்தக் கிழமைதான் என் போனில் எதையோ தேடப்போய், ப்ளூஸ் வாசிக்கும் ஒரு முதியவரின் காணொளி ஓடியது. நீங்கள் குசினியிலிருந்து அகப்பையோடு வந்து நின்றீர்கள்.

"ஆர் தம்பி இந்தாள், இப்பிடி அழுகிறார்?"

"அழேல்ல அக்கா. அது மவுத் ஓர்கன்."

"திருப்பிப் போடு."

ஏழெட்டுத் தரம் திருப்பிப் போட்டேன். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து பத்துத் துளை மவுத் ஓர்கன் ஒன்று பார்சலில் வந்தது. அந்த இசையில் முக்கால்வாசிச் சுரமும் ஊதி வருவதில்லை, மூச்சை உள்ளே இழுத்துத்தான் வருகிறது என்று கண்டுபிடித்த அன்று சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டீர்கள். "அதுதான் விக்கி விக்கி அழுற மாதிரிக் கேக்குது. ஆக்கள் அழேக்க மூச்சை உள்ள தானே இழுக்கிறவை," என்றீர்கள்.

ஆனால் இழுத்துக்கொண்டே போனால் நெஞ்சு நிரம்பிவிடும். உங்கள் இறுகிய நெஞ்சுக்கு அது சட்டென்று நிரம்பும். இரண்டாம் துளையை இழுத்தால் சுரம் வராது. தொண்டை அடைத்த ஆட்டுக்குட்டியின் சத்தம்தான் வரும். விசையாக இழுப்பதல்ல, வயிற்றிலிருந்து மெல்ல எடுக்க வேண்டும், நிரம்புவதற்கு முன்பே மூக்கால் கொஞ்சம் விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு காணொளியாகப் பார்த்துப் பிடித்தீர்கள். முதற் பாடம் ரயில் ஓட்டுவது. இரண்டு இழுப்பு, இரண்டு ஊதல், ரயில் வெளிக்கிடுவது போல மெதுவாக, பிறகு வேகம். மேசையில் மணிக்கூட்டை வைத்துக்கொள்வீர்கள். மூன்று நிமிடம் நிற்காமல் ஓடினால் திருகோணமலையிலிருந்து அடுத்த ஸ்டேசன், சீனன்குடா. ஐந்து நிமிடம் என்றால் தம்பலகாமம். பின்னேரம் நான் வீட்டுக்கு வரும்போது கேற்றடியிலேயே செய்தி கிடைக்கும்: "இண்டைக்குச் சீனன்குடா தாண்டினனான்."

கிளினிக்கில் டொக்டரிடமும் காட்டினீர்கள். அவ சிரித்துவிட்டு, "நல்லதுதான், களைச்சா நிப்பாட்டுங்கோ," என்றா. நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அதனால்தான் பிறகு நான் செய்ததற்கு எனக்குச் சாட்டுச் சொல்ல ஏலாது.

மாரி மழை நேரம். மத்தியானம் சாப்பிட வந்தபோது நீங்கள் கதிரையில் குனிந்து இருந்தீர்கள். இருமல் நிற்கவில்லை. உதடு நீலம். மவுத் ஓர்கன் காலடியில் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று தெரியாது. சளிக்கிருமி தொற்றியிருக்கிறது என்று ஐந்து நாள் வைத்திருந்து மருந்து ஏற்றினார்கள். கிருமி என்று அவர்கள் சொன்னது என் காதில் ஏறவேயில்லை. என் கண்ணில் நின்றது உங்கள் காலடியில் கிடந்த அந்தச் சாமான்தான். வீட்டுக்கு வந்தவுடன் அதை எடுத்து ஓட்டோப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

"எங்க தம்பி வைச்சனீ?"

"முதல் உடம்பு தேறட்டும் அக்கா. பிறகு தாறன்."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பேன் என்று இப்போது எழுதுவது லேசு. உண்மையில், நீங்கள் கேட்காதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம் கழித்துக் கிளினிக். டொக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்தா, ஒட்சிசன் அளக்கும் கருவியை விரலில் மாட்டிப் பார்த்தா. "ஊதுறனீங்களா இப்ப?" என்று கேட்டா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எங்க டொக்டர், நேரம் கிடைக்குதில்லை," என்றீர்கள்.

நாள் முழுக்க யன்னலடியில் கதிரையில் இருந்த ஆள். என்னை அவவுக்கு முன்னால் காட்டிக்கொடுக்காமல் அப்படிச் சொன்னீர்கள்.

திரும்பி வரும்போது துறைமுகக் கரையோரம் ஓட்டோவை நிறுத்தி, பெட்டியைத் திறந்து கையில் தந்தேன். வாங்கி, லேஞ்சியால் துடைத்து, வாயில் வைத்தீர்கள். இரண்டாம் துளை வரவில்லை. நாலாம் துளையும் வரவில்லை. காற்று போகும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் தரம் முயலவில்லை. அதை மடியில் வைத்தீர்கள்.

"ரயில் இனி ஓடாது போல," என்றீர்கள். பிறகு, "நீ பழகு. எனக்குக் கேக்கோணும்."

நான் பழகினேன். வாடகைக்கு எடுத்த ஒட்சிசன் மெஷின் பக்கத்தில் இரைந்துகொண்டிருக்க, கட்டில் விளிம்பில் உங்களுக்கு முதுகைக் காட்டி இருப்பேன். என் முதுகில் உள்ளங்கையை வைத்து மூச்சைப் பார்ப்பீர்கள். நான் எல்லாவற்றையும் பிழையாகச் செய்தேன். பயத்தில் இழுத்துக்கொண்டே போவேன். விரல்கள் மெல்லத் தட்டும். "நிரம்பின பிறகும் இழுக்கிறாய். விடு. விட்டாத்தான் அடுத்தது வரும்." இதைச் சொல்லி முடிக்க உங்களுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. நான் சீனன்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு நாள்தான். அன்று முதுகில் இருந்த கை நான் நிறுத்திய பிறகும் எடுபடவில்லை. திரும்பிப் பார்த்தேன், நித்திரையாகிவிட்டீர்கள். நாலு நாள் கழித்து, விடியப்புறம், அப்படியே நித்திரையில் போனீர்கள்.

போன மாதம் கிளினிக்குக்கு ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போனேன். டொக்டர் வராந்தாவில் என்னைக் கண்டு நின்றா. கேட்காமலே சொல்லிவிட்டேன்: "அக்காவுக்கு நேரம் இருந்தது டொக்டர். நான்தான் அதை ஒளிச்சு வைச்சனான்."

"எனக்கு அண்டைக்கே விளங்கினது," என்றா அவ. "நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள். அவ உங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தவ." பிறகு, ஊதியிருந்தாலும் நுரையீரல் வருத்தம் அதன் வழியில்தான் போயிருக்கும், மனதைப் போட்டு உழப்ப வேண்டாம் என்றும் சொன்னா. நல்ல மனம். ஆனால் நான் உங்கள் ஆயுளைக் குறைத்தேன் என்று நினைத்து அழவில்லை, அக்கா. அந்த ஆறு கிழமையும் உங்களிடம் மூச்சு இருந்தது. இரண்டாம் துளையை இழுக்கக்கூடிய மூச்சு. ஒரு தரம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் மனம் உங்களுக்குத் தெரிந்ததுதானே என்று அதையும் கேட்காமல் விட்டேன். அந்த ஆறு கிழமை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் ஆரிடம் கொண்டுபோய்க் கொடுக்க?

உங்கள்
தம்பி