மெஷினை நிறுத்தியவளுக்கு

இன்று காலை புதுவாயலில் கம்பெனி பஸ் ஏறியதும் சூடான ரப்பர் வாசனை மூக்கில் அடித்தது. யாருடைய யூனிபார்மிலிருந்தோ வந்தது. நீயே பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

அந்தக் கோடைப் பகலும் இதே வாசனைதான். ரப்பரை உருக்கி அழுத்தும் பிரஸ் மெஷின் அனலில் நம் லட்சுமி மயங்கிச் சரிந்தாள். யாரையும் கேட்காமல் சிவப்புப் பொத்தானை அடித்து லைனையே நிறுத்தினாய். ஓடிவந்த மேனேஜர் அவளைப் பார்க்கவில்லை, நின்றுபோன மெஷினைத்தான் பார்த்தார்.

"யார் நிறுத்தினது?"

"நான்தான் சார். பொண்ணு வுழுந்து கிடக்குது, மெஷின் ஓடிக்கினு இருக்கணுமா?"

சாயங்காலமே உன்னை சஸ்பெண்ட் செய்தார்கள்.

மறுநாளும் நீ பழவேற்காட்டிலிருந்து கிளம்பி வந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாய். பஸ்ஸைவிட்டு இறங்கிய நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். லட்சுமி வந்தாள். பிறகு ஒருத்திகூட உள்ளே போகவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம்தான். ஆனாலும் அன்றைக்குப்போல் நாம் என்றைக்குமே சிரித்ததில்லை.

மதியம் மேனேஜரே கேட்டுக்கு வந்தார். "நீ மட்டும் உள்ள வா, பேசிக்கலாம்."

"இன்னாத்துக்கு சார் உள்ள? இங்கியே பேசலாம். எல்லாரும் கேட்டுக்கினு இருக்கட்டும்."

வெயிலில் நின்றபடி, பெரிய ஃபேன் போட்டுத் தருவதாகச் சொன்னார். நீ விடவில்லை.

"அது சரி சார். ஆள் வுழுந்தா மெஷின நிறுத்தலாமா, கூடாதா? அத சொல்லுங்க."

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்தலாம்மா. நீயும் வேலைக்கு வா" என்றார். நாங்கள் தட்டிய கைதட்டலில் செக்யூரிட்டி அண்ணனும் சேர்ந்துகொண்டார். உன்னை நடுவில் விட்டு, எல்லாரும் ஒன்றாக உள்ளே நடந்தோம்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நாளைக்கு லேபர் ஆபீஸில் பேச்சுவார்த்தை. கான்ட்ராக்ட் பெண்களை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்கிறோம். நம் பக்கம் பேசப்போவது நான். கூட்டத்தில் என் பெயரைச் சொல்லவே கூசின நான்! இருப்புக்கொள்ளவில்லை. இப்போதுகூடக் குழம்பைக் கிளறிக்கொண்டே சத்தமாகப் பேசிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரு மாதிரி பேசிக்கினு இருக்க?" என்றார்.

உன் பெயரைச் சொன்னேன்.