சோறு இல்லாத இலை

2025 ஏப்ரல் 7

குடல் புண்ணுக்கு மதுரை டாக்டர் மாத்திரையோடு ஒரு பத்தியமும் கொடுத்துவிட்டார். அரிசி, கோதுமை, கம்பு, சோளம் கூடாது. உருளை, மரவள்ளி, சீனி கூடாது. கூடாததையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எதைச் சாப்பிடலாம் என்று டயட்டீசியன் பெண் சொன்னபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காலையில் முட்டை, வெள்ளரிக்காய். மதியம் வெள்ளரிக்காய், முட்டை.

ஏப்ரல் 12

பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. மில்லில் எல்லோரும் வயசு குறைந்த மாதிரி இருக்கிறேன் என்கிறார்கள். படி ஏறினால் கண் இருட்டுகிறது. இளமை சும்மா வருமா?

ஏப்ரல் 15

மகள் சிவரஞ்சனிக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். பெயர் சிவபாண்டி. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை இங்கே ராஜபாளையத்தில், எங்கள் மில்லுக்கு அடுத்த மில். அப்பா சங்கரலிங்கம் பால்கோவா கடை வைத்திருக்கிறார். எங்கள் ஆட்கள்தான். ஏதாவது குறை கிடைக்குமா என்று விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை, அது வேறு எரிச்சல்.

என் மனைவி செல்லக்கனிக்குத் தை மாதமே தெரியுமாம். என் தம்பி வேல்சாமிக்கும் தெரியுமாம். சேத்தூரில் இருக்கிற அவன் மாமியாருக்குக்கூடத் தெரியுமாம். பெத்த அப்பன்ட்ட கடேசியா வந்து சொல்லுததா? அப்ப நான் யாரு இந்த வீட்டுல— பல்பு மாட்டுததுக்கும் கேஸ் புக் பண்ணுததுக்குமா?

ஏப்ரல் 16

யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 22

டயட்டீசியன் போனில் பிடித்துக்கொண்டாள். எடை இப்படி இறங்கினால் புண் எப்படி ஆறும் என்கிறாள். "சோத்தை விட்டா அந்தச் சக்தியை வேற எதுலயாவது எடுக்கணும் சார். நல்லா கனிஞ்ச பழம், தேன், மஞ்சள் பூசணி, கேரட், பீட்ரூட். நீங்க பத்தியம் இருக்கல, பட்டினி கெடக்கீங்க." வாழைப்பழம் தோலில் கரும்புள்ளி விழுந்த பிறகுதான் தின்ன வேண்டுமாம். காயாக இருந்தால் அதிலும் மாவுதான்.

போனை ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. சாயங்காலத்துக்குள் செல்லக்கனி செண்பகத்தோப்பு மலைப் பக்கமிருந்து தேன் வரவழைத்துவிட்டாள். மேஜையில் ஒரு சீப்புப் பழம் புள்ளி விழக் காத்திருக்கிறது. நான் தொடவில்லை. வீட்டில் கோபமாக இருக்கிற மனிதன் உட்கார்ந்து பழம் உரித்தால் கோபத்துக்கு என்ன மரியாதை?

ஏப்ரல் 29

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோமாம். இதையும் செல்லக்கனிதான் முடிவு செய்தாள்.

சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லையென்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. எனக்கோ கையில் டாக்டர் சீட்டே இருக்கிறது. சோறு ஆகாதவனைச் சாப்பிடச் சொல்ல யாரால் முடியும்? இந்தக் குடல் புண்ணால் முதல்முறையாக ஒரு பிரயோஜனம்.

மே 4

கத்திரி வெயில் இன்றுதான் தொடக்கம். காலையில் அரை வெள்ளரிக்காயோடு பஸ் ஏறினேன்.

அந்த வீட்டில் நன்றாகத்தான் பேசினார்கள். பையன் பணிவாக இருந்தான். இவனும் குறை எதுவும் வைக்கவில்லை. சாப்பிட எழுந்தபோது, ஊரிலிருந்தே தயார் செய்து வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்: டாக்டர், அரிசி, குடல், மன்னிக்கணும். குடல் வரைக்கும் வந்தேன். அதற்குள் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சங்கரலிங்கம் தோளைப் பிடித்து உட்கார வைத்தது மட்டும் தெரிந்தது.

கண் தெளிந்தபோது எனக்கு முன்னால் ஒரு இலை. அதில் சோறு இல்லை. மஞ்சள் பூசணி, பீட்ரூட், கேரட், ஒரு கிண்ணம் தேன், கரும்புள்ளி விழுந்த பழங்கள்.

பையனின் அம்மா பாண்டீஸ்வரி பக்கத்தில் நின்றார். "அண்ணே, ஒங்களுக்கு ஆகாதது இதுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் சிவரஞ்சனிட்ட கேட்டுக் கேட்டுத்தான் ஆக்கினேன். அப்பா சாப்பிடவே மாட்டேங்காவன்னு போன்ல புள்ள அழுதுட்டா."

அழுதாளா? எனக்காகவா? என் முன்னால் டிவி பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்! பழத்தைத் தேனில் தொட்டுத் தின்றேன். பிறகு பூசணி. பிறகு இன்னும் கொஞ்சம் பூசணி. தலை நிமிர்ந்தபோது பெண்கள் மூன்றாவது முகூர்த்தத் தேதியை அலசிக்கொண்டிருந்தார்கள். இது சாப்பாடு இல்லை, மருந்து என்று சொல்லியிருக்கலாம். வாய் நிறைய பூசணி.

மே 5

அதற்குள் வேல்சாமி போன் செய்துவிட்டான். இலையில் ஒன்றுமே மிச்சமில்லையாமே என்று கேட்கிறான்.

மே 23

எடை ஏறுகிறது. பேண்ட் தானாக நிற்கிறது. வாரம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பூசணி வருகிறது. பால்கோவா கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் வைத்து எனக்கு வாய்த்தது பூசணிக்காய்.

ஜூன் 10

வேலை முடிந்து நான் வந்ததும் சிவரஞ்சனி பக்கத்தில் உட்கார்ந்தாள். "கல்யாணத்துக்குப் பொறவு இங்கனயே வீடு பாக்கப் போறோம்ப்பா. மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்லுதேன்."

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது, எழுதிவிட்டால் என்ன? செல்லக்கனி அடுப்படியில் இருந்தாள். பக்குவமாகச் சொன்னேன். "அப்படியா!" என்று கன்னத்தில் கை வைத்து ஆச்சரியப்பட்டாள். அவள் இடுப்புச் சாவிக்கொத்தில் நம் வீட்டுக்குச் சம்பந்தமில்லாத சாவி ஒன்று புதிதாகத் தொங்கியது. பெயிண்ட் வாசனை கூட வந்தது.

முதலில் தெரிந்தது எனக்குத்தான் என்றே வைத்துக்கொண்டேன். புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து ஒன்று உரித்துச் சாப்பிட்டேன்.